பன்னிரண்டு லிட்டர்

ஜூன் 22, 2009, திங்கள்

காலை இறைவணக்கத்தில் வாழ்த்துப் பாடி முடிப்பதற்குள் நான்காம் வகுப்பு சௌமியா மயங்கி விழுந்தாள். உதவி ஆசிரியர் எபினேசர் சார் தூக்கி வந்து ஆபீஸ் பெஞ்சில் கிடத்தினார். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"டீங் டீச்சர்."

"நேத்து ராத்திரி?"

"பன்னுங்."

அவள் அம்மா வசந்தாமணி கரும்பு வெட்டப் போகிறவள். விடிவதற்கு முன்பே வண்டி ஏறிவிடுவாள். எங்கள் தெருவுக்குப் பின்தெருதான், எங்கள் ஆட்கள்தான். ஆனால் நிலம் கிடையாது.

பிறகு வகுப்பு வகுப்பாகப் போய், சாப்பிட்டு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். நூற்றுப் பன்னிரண்டு பேரில் எழுபது கை எழுந்தது. டீ மட்டும் குடித்தவர்கள் இறக்குங்கள் என்றதும் முப்பத்தொன்றாகிவிட்டது. சத்துணவு மணி அடிப்பது பன்னிரண்டே முக்காலுக்கு. அதுவரை இவர்களுக்கு நாம் வாய்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆறு வருடமாக இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை நான். ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

கழிவறைக் கதவு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. ஒன்றியக் கல்வி அலுவலகத்துக்கு மூன்றாவது முறையாக எழுதிப் போட்டேன்.

ஜூன் 25, வியாழன்

பள்ளி விட்டதும் சொசைட்டிக்குப் போனேன். பால் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே யாரும் முழுப் பெயரால் சொல்வதில்லை. பிரசிடெண்ட் ராக்கியப்பன் என் கணவரின் அண்ணன். எனக்குப் பெரிய மாமா. விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன லிட்டர் வேணும் அம்மிணி?"

"ஒரு புள்ளைக்கு ஒரு சின்ன டம்ளரு. பன்னண்டு லிட்டர் இருந்தாப் போதுங் மாமா."

"அட, இதுக்கா இவ்வளவு தயங்கற? நம்ம ஊட்டுப் பொண்ணு வந்து கேட்டு இல்லேங்கறதா? சொசைட்டி பேருல தினமும் வந்துரும். ஒரு பேனரு மட்டும் வெச்சுக்கறோம்."

வீட்டில் இவரிடம் சொன்னேன். "அண்ணனுக்குத் தாராள மனசு" என்றார். உண்மைதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 6, திங்கள்

முதல் நாள். வாசலில் பேனர் கட்டினார்கள். மாமாவின் படம் பெரியது, பசுவின் படம் சிறியது.

டம்ளர்கள் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தவை, எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர். காய்ச்சிச் சர்க்கரை போட்டதும் முதல் டம்ளரை நான் குடித்தேன். சத்துணவை ஆசிரியர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்பது விதி. பாலுக்கு அப்படி விதி எதுவும் இல்லை. நானே வைத்துக்கொண்டேன்.

வரிசையில் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊர்த்தெருப் பிள்ளைகள் அறுபத்தாறு பேர், காலனிப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேர். சௌமியா குடித்துவிட்டு டம்ளருக்குள் விரல் விட்டு ஆடையை வழித்தாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 7, செவ்வாய்

பால் பன்னிரண்டு லிட்டர். ருசி பார்த்தேன். நல்ல பால். கழிவறைக் கதவுக்கு இன்னும் பதில் இல்லை.

ஜூலை 20, திங்கள்

சாயங்காலம் பெரிய மாமா வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார். எழுந்து கிளம்புகிறவர் போல நின்றுகொண்டு சொன்னார்.

"டம்ளருல ஒரு அடையாளம் போட்டுரு சுலோச்சனா. காலனிப் புள்ளைக டம்ளருக்கு அடியில ஒரு சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான். ஊருக்குள்ள நாலு பேரு கேக்கறாங்க."

"யாருங் மாமா அந்த நாலு பேரு?"

"யாரா இருந்தா என்ன? சொசைட்டிப் பாலு. ஊரு சொல்றதக் கேக்கோணுமில்ல."

"டம்ளரு பள்ளிக்கூடத்துதுங் மாமா. அதுல பொட்டு வெக்க மாட்டனுங்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். போன பிறகு இவர், "ஒரு பொட்டுத்தானே. டம்ளரைக் கவுத்து வெச்சாத்தான் தெரியும்" என்றார்.

"நீங்க கவுத்து வெச்சுப் பாத்துருக்கீங்களா?" என்று கேட்டேன். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஜூலை 22, புதன்

சொசைட்டி ஆள் காலையில் பால் கேனோடு ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்து வைத்தான். சிவப்பு. "பிரசிடெண்டு குடுக்கச் சொன்னாருங்."

மதியம் எபினேசர் சாரும் நானும் கழிவறைக் கதவின் துருவைச் சுரண்டி, ஓட்டைக்குத் தகரம் வைத்து அடித்து, இரண்டு கோட் சிவப்பு பூசினோம். மிச்சம் வரவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது.

எபினேசர் சார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பயந்த மனிதர். பூசி முடித்துக் கையைத் துடைக்கும்போது, "மேடம், இது பின்னால வம்பா வரும்லா?" என்றார்.

"வரும் சார்" என்றேன்.

ஜூலை 23, வியாழன்

பால் வரவில்லை.

ஜூலை 24, வெள்ளி

இன்றும் வரவில்லை. பேனரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் ஒன்பது மணிக்குத் தாமாகவே வரிசையில் வந்து நின்றார்கள். கலைந்து போங்கள் என்று சொல்லும் வேலையை எபினேசர் சாரிடம் விட்டுவிட்டு ஆபீஸுக்குள் போய் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை.

ஜூலை 27, திங்கள்

காலை எட்டரைக்கு ஒரு பெண் சைக்கிளில் பால் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். ஆறாம் வகுப்பு நதியாவின் அம்மா மாராயி. உள்ளே வரச் சொன்னேன். கேனை மட்டும் உள்ளே வைத்துவிட்டு அவள் வெளியிலேயே நின்றாள்.

காலனியில் ஒன்பது கறவை மாடு இருக்கிறதாம். இரண்டு வருடத்துக்கு முன் மகளிர் குழுவுக்கு அரசாங்கம் கொடுத்தவை. நான் இந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாது.

"சொசைட்டிக்குக் கொண்டுபோனா கொழுப்பு நிக்கலீனு திருப்பி உட்டுர்றாங்க டீச்சரம்மா. ஒரு நாளா ரெண்டு நாளா, ரெண்டு வருசமா நிக்கலீங்க. எங்க மாடு மட்டும் தண்ணியவா கறக்குது? டவுனு டீக்கடைக்காரரு ஒருத்தரு வந்து எடுத்துக்கறாருங்க, அவரு வெச்சதுதான் வெல. புள்ளைகளுக்குப் பாலு நின்னு போச்சுன்னு நதியா சொல்லுச்சு. நாங்க ஒன்பது பேரும் பேசிக்கிட்டமுங்க. எங்க பாலு ஆகுமுங்களா?"

யோசிப்பதற்கு முன்பே "ஆகும்" என்றேன். இங்கே பொய் எழுத வேண்டியதில்லை: பிள்ளைகளை நினைத்து மட்டும் சொல்லவில்லை. மாமாவின் காதுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்ததும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

விலை கொடுக்கிற பொறுப்பைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அது ஒரே போனில் முடிந்தது.

ஜூலை 28, செவ்வாய்

பால் பன்னிரண்டு லிட்டர். எபினேசர் சார் ருசி பார்த்தார். எனக்கு ஆடிச் செவ்வாய் விரதம். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட வரிசைக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தவர்கள் நாற்பத்தாறு.

ஜூலை 29, புதன்

நாற்பத்தாறு. மிஞ்சியதை அவர்களுக்கே இரண்டாம் சுற்று கொடுத்தோம். எபினேசர் சார் ருசி பார்த்தார். எனக்கு வயிறு சரியில்லை.

மாராயியிடம் நாளை முதல் ஐந்து லிட்டர் போதும் என்றேன். "குடிக்காத புள்ளைகளுக்கும் சேத்துத்தான் கொண்டாருவனுங்க. என்னைக்காவது ஒருத்தரு வந்து நின்னா இல்லேன்னு சொல்லக் கூடாதில்லீங்க" என்றாள்.

ஜூலை 30, வியாழன்

நாற்பத்தாறு. தொண்டைக் கட்டு. எபினேசர் சார் ருசி பார்த்தார்.

ஜூலை 31, வெள்ளி

ஆடி வெள்ளி. எபினேசர் சார்.

ஆகஸ்ட் 3, திங்கள்

இதை எழுதலாமா என்று அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பாலைக் காய்ச்சி இறக்கியதும் வழக்கம்போல எபினேசர் சாரைக் கூப்பிட்டேன். மாராயி காலிக் கேனுக்காகச் சமையல் கூடத்தின் வாசலில் நின்றிருந்தாள். இப்போதெல்லாம் கேட்டுக்கு உள்ளே வருகிறாள்.

"டீச்சரம்மாவுக்கு இன்னும் வயிறு சரியாவலீங்களா?"

"இல்ல, இன்னிக்கு விரதம்."

"பாலு விரதத்துக்கு ஆகுமுங்களே."

கிண்டலாகச் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டிருந்த சத்துணவு ஆயாவின் கை நின்றது. எபினேசர் சார் டம்ளரைப் பிடித்தபடியே கூரையைப் பார்த்தார்.

மாராயி மறுபடியும் சொன்னாள்: "சொசைட்டிப் பாலு வந்தப்ப மொதல்ல நீங்கதான் குடிப்பீங்கன்னு நதியா சொல்லும். இப்ப அவளே கேக்கறா, டீச்சரு ஏம்மா நம்ம பாலக் குடிக்க மாட்டேங்கறாங்கன்னு. நான் என்னன்னு சொல்றதுங்க?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உங்களுக்காக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று. அந்தக் கோபத்தோடேயே சார் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன். முதல் மடக்கு உள்ளே இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பி.எட். படித்துவிட்டு, சமத்துவம் பற்றி எத்தனை மேடையில் பேசியவள். தொண்டை அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்தது. அது யாருடைய பால் என்று என் தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே அது கற்று வைத்திருக்கிறது.

விழுங்கினேன். அடி வரை குடித்தேன். எல்லோரும் பார்க்க இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். அது சுலபமாக இறங்கிற்று.

"நல்ல பாலு" என்றேன்.

"தெரியுமுங்க" என்று சொல்லிக் கேனை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 5, புதன்

இவர் இனிமேல் தோட்டத்து வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். செவலை மாடு ஈனும் சமயமாம், பக்கத்தில் ஆள் வேண்டுமாம். வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா எடுத்துக்கொண்டார்.

செவலை வைகாசியிலேயே ஈன்றுவிட்டது.

சின்னக் குக்கரைத் தேடி எடுத்தேன். மூடியின் வளையம் கிழிந்திருக்கிறது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வசந்தாமணி வந்தாள். கரும்பு வெட்டும் கத்தியைச் சாக்கில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். வேலைக்குப் போகவில்லையா என்றேன். வண்டியை விட்டுவிட்டு வந்தாளாம்.

"என்ற புள்ள மறுக்காவும் கெறக்கமா இருக்குதுங்கறா டீச்சரு. பாலு குடுக்கறீங்களாமா, அவளுக்கு மட்டும் ஏன் குடுக்கறதில்ல?"

"நீதான் வேண்டாம்னு சொன்னதா சௌமியா சொன்னாளே."

"பிரசிடெண்டு ஊட்டுலருந்து சொல்லி உட்டாங்க. குடிச்சா ஊருக் கெணத்துல தண்ணி எடுக்கப்படாதுன்னாங்க." சாக்கை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நான் வெடியால போயி கரும்புத் தோட்டத்துல காலனிக்காரி ஒருத்திகூடத்தான் சோடி போட்டு வெட்டறன். அவ முடிச்ச கட்டத்தான் நான் தூக்கறன். அப்ப ஒட்டாத தீட்டு பாலுல வந்து ஒட்டிக்குதாமா? குடுங்க டீச்சரு. எவன் வந்து கேக்கறான்னு நானும் பாக்கறன்."

சௌமியாவை வேப்பமரத்தடியிலிருந்து அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினாள். நாற்பத்தேழு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஐம்பத்திரண்டு. பின்தெருப் பிள்ளைகள் இன்னும் ஐந்து பேர். நாளைக்குக் கொடியேற்றம். கயிறு மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 19, புதன்

இரண்டு நாளாக ஊரில் ஒரு பேச்சு: பள்ளிக்கூடத்துப் பால் குடித்து ஒரு பையனுக்கு வாந்தி என்று. யாரென்று விசாரித்தேன். ஏழாம் வகுப்புப் பையன். அவன் இன்றுவரை வரிசைக்கே வந்ததில்லை. கோயில் நோம்பிக் கடையில் ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறான், அவன் வாயாலேயே சொன்னான்.

அதற்குள் ஏ.இ.ஓ. ஜீப்பில் வந்து இறங்கினார். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். கழிவறைக் கதவுக்கு மூன்று முறை எழுதியும் வராதவர். வந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் பார்த்தார்.

"புகார் வந்துருக்குங்க மேடம். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுருங்களேன். ஊர்ல அமைதி முக்கியம் இல்லீங்களா?"

பையன் பாலே குடித்ததில்லை என்று சொல்லிக் குடித்தவர்களின் பட்டியலைக் காட்டினேன். அவர் அதைப் புரட்டவில்லை. ஆயாவிடம் ஒரு டம்ளர் பால் கொண்டுவரச் சொன்னேன்.

"நீங்களே குடிச்சுப் பாத்துட்டு அறிக்கை எழுதுங்க சார்."

"எனக்குச் சுகர் இருக்குங்க மேடம்."

"சர்க்கரை போடாததும் இருக்கு சார்."

"இல்ல, இப்பத்தான் டிபன் சாப்பிட்டேன். வயிறு ஒரு மாதிரி…"

எனக்குத் தெரிந்த சாக்குகள் அத்தனையும் அவரிடமும் இருந்தன. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரிங்க சார். பாலை நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு எழுத்துல குடுத்துட்டுப் போங்க. என்ன காரணம்னும் அதுல எழுதிருங்க. இப்பவே நிறுத்திர்றேன்."

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வாய்மொழியாச் சொன்னாப் போதாதுங்களா?"

"பிள்ளைங்க பசி வாய்மொழியா இல்லைங்களே சார்."

ஜீப் போன பிறகு எபினேசர் சார் டம்ளரை எடுத்து ஏ.இ.ஓ. தொடாத அந்தப் பாலைக் குடித்தார்.

செப்டம்பர் 7, திங்கள்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஊர்க்காரர்கள் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் பெரிய மாமா. எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு டி.சி. வேண்டும் என்றார்கள். டவுன் தனியார் பள்ளியிலிருந்து வேன் வருமாம், பேசியாகிவிட்டதாம். இருபத்து மூன்று பேர் போனால் ஒரு ஆசிரியர் பணியிடம் போய்விடும். எபினேசர் சார்தான் இளையவர், போவது அவராகத்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வராந்தாவில் பெஞ்சு போடச் சொன்னேன். வெள்ளைத் தாளும் பேனாக்களும் கொண்டுவந்து வைத்தேன்.

"டி.சி. தர்றனுங்க. ஆளாளுக்கு ஒரு விண்ணப்பம் உங்க கையாலேயே எழுதுங்க. எதுக்காகப் பள்ளிக்கூடத்த உட்டுப் போறீங்கன்னு காரணம் எழுதோணும்."

"அதென்ன, சொந்தக் காரணம்னு எழுதிக்கறோம்" என்றார் ஒருவர்.

"எழுதுங்க. ஆனா நீங்க எல்லாரும் இங்க வந்தது சொந்தக் காரணத்துக்காவா? காலனி மாட்டுப் பால என்ற புள்ள குடிக்காது, காலனிப் புள்ளையோட ஒரே டம்ளருல குடிக்காது. இதுதானுங்களே காரணம்? அத அப்படியே எழுதிக் கீழ கையெழுத்துப் போடுங்க. நான் இப்பவே டி.சி. எழுதறன்."

யாரும் பேனாவைத் தொடவில்லை. காற்றில் தாள்கள் பறந்தன. ஒரு கல்லை எடுத்து வைத்தேன்.

பெரிய மாமா சொன்னார்: "எல்லாத்தையும் எழுதித்தான் ஆவோணுமா சுலோச்சனா? நாம பேசித் தீத்துக்கறதில்லையா?"

"ஊரு பூராவும் பேசறீங்க. டீக்கடையில பேசறீங்க, கோயில்ல பேசறீங்க, என்ற ஊட்டுக்குள்ள வந்து பேசறீங்க. வாயில சொல்ல வர்றது கையில எழுத மட்டும் ஏனுங் மாமா கூசுது?"

"எங்கிட்டயே இப்படிப் பேசறயா?"

"இது பள்ளிக்கூடமுங்க. இங்க நான் எச்.எம்."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. முப்பது வருடத்தில் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. இன்று உட்கார்ந்துகொண்டுதான் பேசினேன்.

முதலில் பின்வரிசையில் ஒருவர் மெல்ல நகர்ந்தார். பிறகு இரண்டு பேர். "வெள்ளாமைக்குத் தண்ணி கட்டோணும்" என்று ஒருவர் போனார். பதினொன்றரைக்குள் பதினான்கு பேர் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்பது டி.சி. எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது அந்தப் பிள்ளையின் முகம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் நான் கைபிடித்து 'அ' எழுத வைத்த பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள்.

மாமாவின் பேத்தியும் போய்விட்டாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நூற்று மூன்று பேர் மிச்சம். பணியிடம் தப்பித்தது. ஜெயித்தேனா என்று தெரியவில்லை. தோற்கவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

அறுபத்தேழு டம்ளர். நேற்று எழுந்து போன பதினான்கு பேரின் பிள்ளைகளில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவார்கள்.

அக்டோபர் 17, சனி

தீபாவளி. இவர் காலையில் வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். இட்லி சாப்பிட்டார். "வளையம் மாத்திட்டியா குக்கருக்கு?" என்று கேட்டார். "மாத்திட்டேன்" என்றேன். "அண்ணன் ரொம்ப மனசு வெசனப்படறாரு" என்றார். "நானுந்தான்" என்றேன். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அதிரசத்தில் பாகு பதம் தவறிவிட்டது. கல் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 12, வியாழன்

எண்பத்தெட்டு. அடைமழை. மாராயி கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நவம்பர் 24, செவ்வாய்

மாறுதல் ஆணை வந்தது. "நிர்வாக நலன் கருதி." மலைமேல் ஒரு பள்ளி, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அரையாண்டுத் தேர்வு முடிகிற டிசம்பர் 23 அன்று விடுவிக்க வேண்டுமாம். பாலை நிறுத்த எழுத்தில் உத்தரவு தர முடியாதவர்களுக்கு என்னை அனுப்ப எழுத்து கிடைத்திருக்கிறது.

மூத்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளாததால் எபினேசர் சார்தான் பொறுப்புத் தலைமையாசிரியர். கூப்பிட்டு, "பால் நிக்குமா சார்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பயம்தான் மேடம். ஆனா நின்னா அந்தப் பிள்ளைய மூஞ்சில எப்படி முழிக்க? நிக்காது."

டிசம்பர் 22, செவ்வாய்

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதினோம். நாற்காலி, பீரோ, உலக உருண்டை, டம்ளர் நூற்று இருபது.

மாராயி வந்தாள். நாளையோடு பள்ளி மூடி ஜனவரியில்தான் திறக்கும். அதுவரை பன்னிரண்டு லிட்டர் பால் எங்கே போகும்? டவுன் டீக்கடைக்காரர், எனக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"சொசைட்டிக்கே போறமுங்க. ஒன்பது பேரும்."

"நானும் வரட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாமுங் டீச்சரம்மா. நீங்க வந்தா உங்க ஊட்டுச் சண்டைன்னு ஆயிரும். இது எங்க பாலு."

அவள் சொன்னது சரி என்று புரிவதற்கு எனக்கு வீடு வந்து சேரும் வரை ஆயிற்று.

டிசம்பர் 24, வியாழன்

அவர்களோடு போகவில்லை. சொசைட்டிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். யாராவது கேட்டால் பஸ்ஸுக்கு என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

ஆறரை மணி. பனி மூட்டமாக இருந்தது. சொசைட்டி வாசலில் ஊர்க்காரர்கள் வரிசை. அதில் நடுவில் போய் மாராயியும் எட்டுப் பெண்களும் நின்றார்கள். தள்ளி நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியதாயிற்று. சரியாக அவர்களுக்குப் பின்னால் இவர், கையில் தோட்டத்துப் பால் கேனோடு.

மாராயியின் முறை வந்ததும் செக்ரட்டரி அளவைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். பெரிய மாமா வெளியே வந்தார். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"கொழுப்பு நிக்காது, போங்க."

"இன்னும் மூடியே தொறக்கலீங்களே" என்றாள் மாராயி. "தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"உங்களுக்கு இங்க மெம்பர் கார்டு இல்ல."

"குடுத்தா வாங்கிக்கறமுங்க."

"அக்கட்டால போயி நில்லுங்க. வரிசை நிக்குதில்ல?"

"நாங்களும் வரிசையிலதானுங்க நிக்கறோம்."

ஒன்பது பேரும் நகரவில்லை. ஒருத்திகூடக் கையெடுத்துக் கும்பிடவில்லை, அழவில்லை. கேன்களைத் தரையில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். குளிரூட்டும் நிலையத்து லாரி வந்து ஹாரன் அடித்தது. ஏழு மணிக்கு அது கிளம்ப வேண்டும். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. டிரைவர் இன்னொரு முறை அடித்தார். எனக்கு ரோட்டைத் தாண்டி ஓட வேண்டும் போலிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது இவர் குரல் கேட்டது. சத்தமாகப் பேசுகிறவரே இல்லை.

"ஊத்திக்கச் சொல்லுங்கண்ணா. என்ற பாலு திரிஞ்சுரும்."

பெரிய மாமா தம்பியையே பார்த்தார்.

"எத்தன நேரம் நிக்கறதுங்ணா? திரிஞ்சா நீங்களா பொறுப்பு? ஊத்திக்கட்டும்."

பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர், "ஆமாங், எங்க பாலும் திரிஞ்சுரும்" என்றார்கள். லாரி என்ஜினை உறுமவிட்டது. பெரிய மாமா உள்ளே போய்விட்டார். செக்ரட்டரி கருவியை மாராயியின் பாலில் விட்டுப் பார்த்தார். சீட்டில் எதையோ எழுதினார். அளந்து, நுரை எழும்ப, ஊர்ப்பால் இருந்த பெரிய கேனுக்குள் ஊற்றினார். ஒன்பது பேருடையதையும் ஊற்றினார். இவர் தன் கேனைத் தூக்கி அதன்மேலேயே ஊற்றினார். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் நின்ற பக்கம் பார்க்காமலே வண்டியைக் கிளப்பித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

மார்கழி மாதம். பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிர். இந்தக் குளிரில் காலை ஏழு மணிக்குப் பால் திரியாது. பத்து மணி வரை வைத்திருந்தாலும் திரியாது. நாற்பது வருடமாக மாடு வைத்திருக்கிறவருக்கு அது தெரியும்.